லேப்டாப் விமர்சனத்தில் ஸ்பீக்கருக்கும் நாலு வரி கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் லேப்டாப் விமர்சனம் வந்தால் நான் விடுவதில்லை. போன வாரம் வந்ததை இரண்டு தடவை கேட்டேன். 'கேட்டேன்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எனக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் உங்கள் பத்திரிகையை வாசிக்கும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த விமர்சனத்தில் திரையின் வெளிச்சம், நிறங்களின் துல்லியம், பேட்டரி தாங்கும் நேரம், எடை, கேமரா என எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி இருந்தது. ஸ்பீக்கருக்கு மட்டும் இரண்டே வார்த்தை: 'ஒலி பரவாயில்லை.'

இரண்டு மாதத்துக்கு முன் நானும் இந்தப் 'பரவாயில்லை'யை நம்பித்தான் புது லேப்டாப் வாங்கினேன். எங்கே கேட்ட பரவாயில்லை என்பது முக்கியமில்லை. விமர்சனம் எழுதுகிற எல்லோரும் அதே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையால் எனக்கு மூன்று வாரம் போனது. என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் பழைய லேப்டாப் ஒன்பது வருடம் உழைத்தது. செங்கல் மாதிரி கனம். ஸ்பீக்கர் விசைப்பலகைக்கு மேலே, முகத்தைப் பார்த்தபடி இருந்தது. 40 சதவீதம் வைத்தாலே அடுத்த அறைவரை கேட்கும். புதியது நோட்டுப் புத்தகம்போல மெலிசு. முதல் நாள் இரவு என் மகள் அதில் என்விடிஏவை நிறுவிக் கொடுத்தாள். அது பேசத் தொடங்கியபோது, பக்கத்து அறையில் யாரோ போனில் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வால்யூம் விசையை அழுத்திக்கொண்டே போனேன். 'நூறு' என்றது. அதையும் முணுமுணுத்துத்தான் சொன்னது.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது அப்பா?" என்றாள் மகள். அவள் சொன்னது பொய்யில்லை. கண் திரையில் இருக்கும்போது காதுக்குப் பாதி வார்த்தை போதும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். எனக்கு நிரப்ப வேறு ஆள் இல்லை. அப்புறம் வீட்டில் எல்லோருடைய சந்தேகமும் மெதுவாக என் காதுப் பக்கம் திரும்பியது. நான் 31 வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவன், காதுதான் எனக்குச் சோறு போட்டது. போன வருடம்தான் பரிசோதனையும் செய்திருந்தேன். வயதுக்கேற்ப உச்ச சுருதிகள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன, மற்றபடி குறையில்லை. ஆனாலும் வீடே சந்தேகப்படும்போது நமக்கும் வந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்க என் காதைத்தான் நான் நம்பவில்லை.

சத்தம் குறைந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம் அதிகம். மெய்யெழுத்துகள் பலவும் மெலிந்தவை, சட்டென்று வந்து மறைபவை. ஒலி இறங்கினால் முதலில் காணாமல் போவது அவைதான். 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும், 'ச'வும் 'த'வும் தேய்ந்துபோகும். கணினிக் குரலில் ல, ள, ழ வித்தியாசம் ஏற்கெனவே நூலிழை. இந்த லேப்டாப்பில் அந்த இழையும் அறுந்தது. ஒரு காலையில் உங்கள் பத்திரிகையின் தலைப்பு 'பல்லிகள் திறப்பு' என்று என் காதில் விழுந்தது. எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்ன பிறகுதான் திறந்தது பள்ளிகள் என்று புரிந்தது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் உண்டு. அதற்கு மாற்றிப் பார்த்தேன். வள்ளுவரும் வாய்க்குள்ளேயே பேசினார்.

தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். பேர் வேண்டாம், யாராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். "வால்யூமைக் கூட்டிப் பார்த்தீங்களா சார்?" பார்த்தேன். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" பண்ணினேன். "அப்போ ஹெட்போன் போட்டுக்கலாமே சார்?"

அந்தப் பையன் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பார்வை இல்லாதவனைப் பார்த்து நாள் முழுக்க ஹெட்போன் போட்டுக்கொள் என்பது, பார்வை உள்ளவரிடம் நாள் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொள் என்பதுபோல. அறைக்குள் யார் வந்தது, அடுப்பில் வைத்தது பொங்குகிறதா, வாசலில் அழைப்பு மணி அடித்ததா, எனக்கு எல்லாமே காதுதான். காதில் அணியாமல் எலும்பு வழியே ஒலி கடத்தும் ஹெட்போன்கள் இருக்கின்றன. அவை பரவாயில்லை (பார்த்தீர்களா, எனக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது). ஆனால் நாலு மணி நேரம் போட்டால் கன்னத்து எலும்பு வலிக்கிறது. புளூடூத் ஸ்பீக்கரையும் வைத்துப் பார்த்தேன். சத்தம் தாராளம். ஆனால் கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் அது தூங்கிவிடும், திரும்ப எழும்போது முதல் அசையை விழுங்கிவிடும். ஒரு நாள் 'சேமிக்க வேண்டாம்' என்ற பொத்தானில் நின்றேன். என் காதுக்கு வந்தது 'மிக்க வேண்டாம்'. பாட்டுக் கேட்பவருக்கு இது ஒன்றுமில்லை. திரைவாசிப்பானை வைத்து வேலை செய்பவனுக்கு எந்தப் பொத்தானிலும் கை வைக்கப் பயம் வந்துவிடும்.

சரி, நாமே பார்ப்போம் என்று மூன்றாம் நாள் லேப்டாப்பை மூடி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினேன். நாலு ரப்பர் கால்கள், நடுவில் காற்று போகும் நீளக் கீறல்கள். முன் விளிம்பை ஒட்டி இடது ஓரத்தில் ஒரு சொரசொரப்பு, ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள் இரண்டு வரிசையில். அதுதான் ஸ்பீக்கர் வாய். அதே இடத்தை வலது ஓரத்தில் தேடினேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. சொரசொரப்பே இல்லை. திரும்ப இடது பக்கம் போனேன், ஓட்டை. வலது பக்கம் வந்தேன், கண்ணாடிபோல வழவழப்பு. நகத்தை விளிம்பில் கொடுத்துச் சுரண்டினேன். எங்கோ ஒரு மூலை எழும்பியது. பிடித்து இழுத்தேன். 'சர்ர்ர்' என்று உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் உரிந்து கையோடு வந்தது. கீறல் விழாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒட்டிய பாதுகாப்புத் தாள். அடியில் இருந்ததால் உரிக்க விட்டுப்போயிருக்கிறது. கண் உள்ள நாலு பேர் அந்த லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். நிறமில்லாத தாள் என்பதால் அவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விசைப்பலகையில் தூசி விழாமல் ரப்பர் உறை போடுபவர்கள், வெளிப்புறத்துக்குப் பிளாஸ்டிக் கூடு மாட்டுபவர்கள் எல்லோரும் இந்த விரல் சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. உறையில் ஸ்பீக்கருக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. வாய் கீழே இருப்பதால் மெத்தையிலோ மடியிலோ வைத்தால் துணி சத்தத்தைக் குடித்துவிடுகிறது. மர மேசையில் வைத்தால் அது பலகையில் பட்டு மேலே வருகிறது. பின் விளிம்புக்கு அடியில் இரண்டு அழிரப்பர் வைத்துத் தூக்கிவிட்டேன், இன்னும் தெளிவு. சேவை மையம் இதைச் சொல்லியிருந்தால் முதல் நாளே மேசைக்குப் போயிருப்பேன். அவர்கள் 'எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்றே கேட்கவில்லை.

அடுத்தது என் தப்பு. சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. திரைவாசிப்பானின் குரல் தேறிவிட்டது, ஆனால் பாட்டோ வானொலியோ போட்டால் மட்டும் கிணற்றுக்குள் போனது. எவ்வளவு வால்யூம் இருக்கிறது என்று பார்க்க விசையை அழுத்துவேன். என்விடிஏ 'எழுபது' என்று சொல்லும், அந்த நொடியில் பாட்டு அமுங்கும். கூட்டுவேன், 'எழுபத்திரண்டு', இன்னும் அமுங்கும். கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் பாட்டு தானாக மேலே வரும். ஒரு மாலை முழுக்க, வால்யூம் விசைகளைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

விஷயம் வேறு. தான் பேசும்போது மற்ற ஒலிகளை அடக்கிவைக்கும் வசதி என்விடிஏவில் இருக்கிறது. என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட் விசைதான் அது) ஷிஃப்டையும் 'டி'யையும் சேர்த்து அழுத்தினால் மூன்று நிலைகளில் மாறிக்கொண்டே வரும்: அடக்காதே, பேசும்போது மட்டும் அடக்கு, எப்போதும் அடக்கு. நான் வேறு எதையோ அழுத்தப் போய் இதை அழுத்தியிருக்கிறேன். சத்தம் எவ்வளவு என்று நான் கேட்பதுதான் சத்தத்தைக் குறைத்திருக்கிறது. இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

பார்வை உள்ளவர்கள் சிரித்துவிட்டு நகர வேண்டாம், இதன் அண்ணன் உங்கள் கணினியிலும் இருக்கிறான். விண்டோஸில் அழைப்பு ஏதாவது நடப்பதாகத் தெரிந்தால், அது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். வாங்கும்போதே அமைப்பு அப்படித்தான் இருக்கும். கூட்டம் முடிந்தும் வீடியோ அழைப்புச் செயலி மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், படத்தின் சத்தம் ஏன் செத்துப்போனது என்று தெரியாமல் நீங்கள் புது லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் விசையோடு 'ஆர்' அழுத்தி, வரும் பெட்டியில் எம் எம் எஸ் ஒய் எஸ், ஒரு புள்ளி, சி பி எல் என்று இடைவெளி விடாமல் தட்டினால் பழைய ஒலிப் பலகை திறக்கும். அதில் கடைசித் தாவல் 'கம்யூனிகேஷன்ஸ்'. அங்கே 'ஒன்றும் செய்யாதே' என்பதைத் தேர்ந்துகொண்டால் சரி. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி வால்யூம் வைக்கும் மிக்ஸர் என்று ஒன்றும் விண்டோஸில் உண்டு. அதில் ஏதாவது ஒரு செயலி 20இல் கிடக்கலாம், வெளியே மொத்த வால்யூம் 100 என்று காட்டும். யூடியூபின் உள்ளே இருக்கும் வால்யூம் வேறு. குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டி வால்வை மூடிவைத்த கதை.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தால் புதியது குடத்துக்குள் பேசுவது போலத்தான் இருந்தது. மிச்சக் காரணத்தைக் கண்டுபிடித்தது என் பேரன். கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒலிப் பகுதியைத் திறந்தவன், "தாத்தா, இதுல கம்பெனி பேரே இல்ல. சும்மா 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்'னு இருக்கு" என்றான். டிரைவர் என்பது ஒலிச் சில்லை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். எந்தக் கணினிக்கும் பொருந்தும் பொதுவான டிரைவர்தான் இதில் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த மாடலுக்கென்று தயாரித்தது இல்லை.

சத்தம் வருகிறதே, அப்புறம் எந்த டிரைவராக இருந்தால் என்ன என்றுதான் நானும் கேட்டேன். மெலிசான லேப்டாப்பில் ஸ்பீக்கர் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் தகடு முன்னும் பின்னும் அசைய இடமே கிடையாது. அதிகம் தள்ளினால் அதை அசைக்கும் கம்பிச் சுருள் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் இப்போது பல லேப்டாப்களில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரே கொஞ்சம் புத்தியோடு வருகிறது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எவ்வளவு சூடாகியிருக்கிறது, தகடு எவ்வளவு தூரம் அசைகிறது என்று கணக்குப் போட்டு, தாங்கும் எல்லைவரை தள்ளும். அந்த எல்லை எங்கே என்று அதற்குச் சொல்வது அந்த மாடலுக்கான டிரைவரும் அதோடு வரும் அமைப்புக் கோப்பும்தான். சொல்ல ஆள் இல்லை என்றால் அது பயந்துகொண்டே வேலை பார்க்கும். நான்கு ஸ்பீக்கர் உள்ள சில மாடல்களில் லினக்ஸ் போட்டால் இரண்டு மட்டும் பாடி, அடித்தொனிக்கான மற்ற இரண்டும் ஊமையாகிவிடுவதும் இதே காரணத்தால்தான்.

சேவை மையத்துக்கு மறுபடி போன். இந்தத் தடவை வேறு பையன், கொஞ்சம் விவரமானவன். "சவுண்ட் டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், அப்புறம் எங்க தளத்துல இருந்து புதுசா போட்டுக்கலாம்" என்றான். வழி சரிதான். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஒலி டிரைவரை எடுத்துவிட்டால் பார்வை உள்ளவருக்குச் சின்னப் பெருக்கல் குறி ஒன்று தெரியும், அவ்வளவுதான். எனக்குக் கணினியே அணைந்த மாதிரி. திரைவாசிப்பான் ஓடும், ஆனால் அதற்கு வாய் இருக்காது. ஒலியைச் சரிசெய்ய எனக்கு ஒலி வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பார்வையற்ற மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். யூ.எஸ்.பி. ஹெட்செட்டுக்குள் அதற்கென்று தனி ஒலிச் சில்லு உண்டு, லேப்டாப்பின் ஒலிச் சில்லை அது நம்பியிருக்காது. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரே அதற்குப் போதும். முதலில் அதைச் செருகி, திரைவாசிப்பானின் குரல் அதன் வழியே வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். வட்டமாக முள் உள்ள சாதாரண ஹெட்போன் உதவாது, அதுவும் போகப்போகிற அந்த டிரைவரை நம்பித்தான் இருக்கிறது.

அன்று இரவு 11 மணி. பேரன் தூங்கப் போய்விட்டான். லேப்டாப்பின் வரிசை எண் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, அதை மகளிடம் முன்பே படிக்கச் சொல்லிக் குறித்து வைத்திருந்தேன். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, இந்த மாடலுக்கான ஒலி டிரைவரை முதலிலேயே இறக்கிக்கொண்டேன். ஹெட்செட்டைச் செருகினேன். பழையதை நீக்கினேன். ரீஸ்டார்ட். அந்த ஒன்றரை நிமிடம் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு ஹெட்செட்டில் குரல் வந்தது. புதியதை நிறுவினேன், இன்னொரு ரீஸ்டார்ட். ஹெட்செட்டைப் பிடுங்கினேன்.

வால்யூம் இன்னும் நூறிலேயே இருந்ததை மறந்துவிட்டேன். 'டெஸ்க்டாப்' என்று அது கத்திய கத்தில் விசைப்பலகையிலிருந்து கை தானாக எழும்பியது. உள்ளே மகள் விழித்துக்கொண்டு, "என்னாச்சு அப்பா?" என்றாள். இப்போது 62இல் வைத்திருக்கிறேன், தாராளமாகப் போதும்.

மிச்சமிருந்தவை சில்லறை வேலைகள். டிரைவரோடு வந்த ஒலிச் செயலி 'இசை' என்ற நிலையில் இருந்தது, 'குரல்' என்று மாற்றியதும் மெய்யெழுத்துகள் துலங்கின. (அந்தச் செயலியின் பொத்தான்களுக்குப் பெயரே வைக்கவில்லை. 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்றுதான் என்விடிஏ வாசித்தது. எண்ணிப் பார்த்து ஆறாவதை அழுத்தினேன்.) 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்று ஒன்று சில கணினிகளில் இருக்கும். சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். படத்தில் இசை காதைக் கிழித்து வசனம் கேட்காமல் போகிறவர்களுக்கு அது நல்லது. அதே தொல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒலி அமைப்பில் தவறுதலாக 5.1 (ஆறு ஸ்பீக்கர் அமைப்பு) என்று போட்டிருந்தால், லேப்டாப்பில் இல்லவே இல்லாத நடு ஸ்பீக்கரைத் தேடி வசனம் போய்விடும். ஸ்டீரியோ என்று மாற்றினால் திரும்பி வரும்.

இங்கே உங்கள் பகுதி மேல் எனக்கொரு வருத்தம். முன்பு ஒரு வாசகர் இதே பிரச்சினையைக் கேட்டிருந்தார். ஒலியை 600 சதவீதம்வரை கூட்டும் உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி உங்கள் பதில் இருந்தது. டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. மெலிதாகப் பதிவான பேச்சு என்றால் கூரைக்கும் அதற்கும் நடுவே இடம் இருக்கும், தூக்கலாம், பலன் உண்டு. ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாட்டைத் தூக்கினால் அலையின் தலை சீவப்பட்டுவிடும். சத்தம் கூடியதுபோல இருக்கும், உண்மையில் கரகரப்புதான் கூடியிருக்கும். அந்தக் கரகரப்பில் முதலில் போவது மறுபடியும் ல, ள, ழதான். ஸ்பீக்கரும் தேவையில்லாமல் சூடாகும். தவிர, இப்படிப்பட்ட நீட்சிகள் பலவும் நாம் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்கும். சத்தத்துக்காக அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. அடியில் தாள் ஒட்டியிருக்கிற லேப்டாப்பில் எத்தனை சதவீதம் கூட்டி என்ன பயன்?

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். லேப்டாப் பெட்டியில் திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்று போடுகிறார்கள், நினைவகம் எத்தனை ஜிபி என்று போடுகிறார்கள். ஸ்பீக்கருக்கு மிஞ்சிப்போனால் 'இரண்டு 2 வாட் ஸ்பீக்கர்கள்' என்று இருக்கும். அது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியின் கணக்கு. வெளியே வரும் சத்தத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் (ஒலியளவின் அலகு), காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு என்று படவேண்டும் என்றால் ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். தகடு எவ்வளவு பெரியது, கூடு எப்படி, வாய் எந்தப் பக்கம் என்பதெல்லாம் வாட்டைவிட முக்கியம்.

டெசிபல் என்பதே எங்கள் டெலிபோன் வீட்டுப் பிள்ளை. கம்பி வழியே போகும் பேச்சு எவ்வளவு தேய்கிறது என்று அளக்க டெலிபோன் பொறியாளர்கள் உண்டாக்கியது, கிரஹாம் பெல்லின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழைய டெலிபோன் லைன் கடத்தியது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரைதான். 31 வருடம் அந்தச் சந்து வழியாக எத்தனையோ பேருடைய பேச்சைக் கேட்டு இணைத்துவிட்டிருக்கிறேன், பேச்சு புரிய அது போதும். அதனால் எனக்கு அதிரும் அடித்தொனி வேண்டாம். மெலிசான உடம்பில் அதற்கு இடமில்லை என்பதும் தெரியும். அந்த 300க்கும் 3400க்கும் நடுவே பேச்சு உரக்கவும் சுத்தமாகவும் வருகிறதா என்பதை மட்டும் விமர்சகர் சொன்னால் போதும்.

சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. ஒரே ஒரு பேச்சுப் பதிவை எல்லா லேப்டாப்களுக்கும் வைத்துக்கொள்ளட்டும். வால்யூமை முழுதாக வைத்து, கை நீட்டும் தூரத்தில் கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைத் திறந்துவைக்கட்டும். மேசையில் ஒரு தடவை, மடியில் ஒரு தடவை. கைப்பேசிக் கணக்கு ஆய்வுக்கூடத் துல்லியம் கிடையாது, கைப்பேசிக்குக் கைப்பேசி வேறுபடும். ஆனால் எப்போதும் அதே கைப்பேசி என்றால் போன மாதத்து லேப்டாப்பைவிட இது எத்தனை டெசிபல் கூட, எத்தனை குறைவு என்பது வாசகனுக்குக் கிடைத்துவிடும். ஸ்பீக்கர் வாய் மேலேயா, கீழேயா, பக்கவாட்டிலா என்று ஒரு வரி. முழு வால்யூமில் குரல் உடைகிறதா என்று ஒரு வரி. நான் கேட்ட நாலு வரி முடிந்துவிட்டது.

இது பார்வையற்ற ஒருவனின் தனி வழக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஆன்லைன் வகுப்பில் உட்காரும் பிள்ளை, தூரத்தில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசும் வயதான அம்மா, நாள் முழுக்கக் கூட்டங்களில் இருக்கும் அலுவலகக்காரர், எல்லோரும் லேப்டாப்பைக் கேட்கத்தான் செய்கிறார்கள். உங்கள் விமர்சகர் அடுத்த லேப்டாப்பைச் சோதிக்கும்போது காது ஒன்று இரவல் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள், வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
உங்கள் நெடுநாள் கேட்பாளர்

பின்குறிப்பு: போன வார விமர்சனத்தில் நான்கு படங்கள் போட்டிருந்தீர்கள். நான்கையும் என்விடிஏ 'படம்' என்று மட்டுமே வாசித்தது. என்ன படம் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதிவைத்தால் நானும் பார்த்துக்கொள்வேன்.